சேன் லூயியின் மெழுகுக் கைகள்

1856இல் பாரிஸ் மருத்துவ வார இதழ் ஒன்றில் அல்ஃபோன்ஸ் தெவெர்ழி ஒரு கட்டுரை எழுதினார். தோல் மருத்துவர் எவரும் இதுவரை விவரிக்காத நோய் என்று தலைப்பிலேயே அது அறிவித்தது. அவர் பார்த்த நோயாளிக்கு உள்ளங்கை தடித்திருந்தது. தலையில் பொடிச்செதில் படர்ந்திருந்தது. உடம்பில் மயிர்க்கால்களைச் சுற்றி முள்முனை அளவுக்குச் சிறு சிறு மேடுகள். அன்றைய வழக்கப்படி மூன்றுக்கும் மூன்று பெயர் எழுதி, மூன்று களிம்பு கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே பெயர் இருந்தது. தெவெர்ழியோ மூன்றும் சேர்ந்து ஒரே நோய் என்றார்.

அந்த நோய்க்கு இன்றைய பெயர் பிட்டிரியாசிஸ் ருப்ரா பைலாரிஸ். மருத்துவர்கள் சுருக்கி பி.ஆர்.பி. என்பார்கள். தோலில் நீண்டகாலம் அழற்சியை உண்டாக்கும் அரிய நோய் இது, ஒட்டாது, தொற்றாது. பிரிட்டனில் தோல் சிகிச்சைக்கு வருவோரில் 5,000 பேருக்கு ஒருவர், இந்தியாவில் 50,000 பேருக்கு ஒருவர் என்பது மருத்துவ நூல்கள் வழக்கமாகத் தரும் கணக்கு. பெரியவர்களுக்கு வரும்போது பெரும்பாலும் தலையிலோ முகத்திலோ ஒரு சிவந்த திட்டாகத் தொடங்கி, சில வாரங்களில் கீழ்நோக்கி இறங்கி உடம்பு முழுவதையும் பிடிக்கும். நிறம் வெறும் சிவப்பல்ல, ஆரஞ்சு கலந்த சிவப்பு. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்த நிறம் அடங்கித் தெரியும், அதனால் கண்டுபிடிப்பதும் கடினம். நடுநடுவே நோய் தொடாத தோல் தீவு தீவாக மிஞ்சியிருக்கும். விரல்களின் பின்புறத்தைத் தடவினால் தேங்காய்த் துருவியைத் தடவியது போல நெருடும். இந்த அடையாளங்கள் எல்லாம் இருந்தும் முதலில் பார்ப்பவர்கள் சொரியாசிஸ் என்றோ ஒவ்வாமை என்றோ எழுதிவிடுவது உலகெங்கும் இன்றும் நடக்கிறது. ஒரு மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஓரிருவரைத்தான் பார்ப்பார் என்றால் இதில் வியக்க என்ன இருக்கிறது?

ஆகவே இந்த நோயின் வரலாறு, அரிய நோயாளிகள் ஒரே இடத்தில் சேர நேர்ந்த ஒரு மருத்துவமனையின் வரலாறாகவும் இருக்கிறது.

பாரிஸ் நகரத்தில் 1605, 1606 ஆண்டுகளில் பரவிய கொள்ளைநோய்க்குப் பிறகு, நான்காம் ஹென்றி மன்னர் ஊர் எல்லைக்கு வெளியே ஒரு மருத்துவமனை கட்ட ஆணையிட்டார். 1607இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சிலுவைப் போருக்குப் போன இடத்தில், 1270இல் தூனிஸ் அருகே நோயில் மாண்ட ஒன்பதாம் லூயி மன்னரின் பெயரே சேன் லூயி என்று அதற்கு வைக்கப்பட்டது. நடுவில் சதுர முற்றம், நான்கு புறமும் நீண்ட கட்டடங்கள், அவற்றைச் சுற்றி வெட்டவெளி, அதற்கும் வெளியே மதில். நோயாளிகளின் மூச்சுக்காற்று ஊருக்குள் வந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த அமைப்பின் நோக்கம். கொள்ளைநோய் இல்லாத காலங்களில் கதவு அடைத்தே கிடந்தது. ஊர் நடுவில் இருந்த பழைய ஓத்தெல் தியே மருத்துவமனை 1772 இறுதியில் தீப்பிடித்து எரிந்த பிறகுதான் சேன் லூயி நிரந்தரமாகத் திறக்கப்பட்டது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1801இல் பாரிஸின் மருத்துவமனைகளை நிர்வாகம் நோய்வாரியாகப் பிரித்தது. சொறி, படை, ஆறாத புண், எந்த மருந்துக்கும் மசியாத தடிப்பு எல்லாம் சேன் லூயிக்கு ஒதுக்கப்பட்டன. மற்ற மருத்துவமனைகள் வேண்டாம் என்று தள்ளியவர்களை அடைத்துவைக்க ஓர் இடம் என்ற எண்ணமும் அந்த முடிவில் இருந்திருக்கும். விளைவு வேறாக அமைந்தது. ஊரெல்லாம் சிதறிக் கிடந்தால் ஒப்பிட்டே பார்த்திருக்க முடியாத நோயாளிகள் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருந்தார்கள். தோல் மருத்துவம் தனித் துறையாகப் பிறந்த இடங்களில் இது முதன்மையானது என்று தயங்காமல் சொல்லலாம்.

அதே ஆண்டு அங்கே வந்த ஜான் லூயி அலிபேர் மேடைப் பேச்சாளருக்குரிய ஆற்றல் கொண்டவர். பின்னாளில் பதினெட்டாம் லூயி மன்னரின் மருத்துவரானார். கோடைக்காலத்தில் முற்றத்து மர நிழலில் வகுப்பு எடுப்பார். நோயாளிகளை அங்கேயே அழைத்து வந்து காட்டுவார். மாணவர் அல்லாதவர்களும் கேட்க வருவார்கள். செடிகொடிகளை வகைப்படுத்துவது போலத் தோல் நோய்களையும் வகைப்படுத்த முடியும் என்று நம்பிய அலிபேர், 1829இல் எல்லாத் தோல் நோய்களையும் கிளைகளில் தாங்கிய ஒரு பெரிய மரத்தை வரைந்து காட்டினார். பார்க்க அழகான அந்த மரம் நோயறிய உதவவில்லை. லண்டனில் ராபர்ட் வில்லன் என்பவர் கண்டுசொன்ன எளிய வழிதான் நிலைத்தது. காரணத்தை ஊகிக்காதே, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுது. செதிலா, கொப்புளமா, மேடா, திட்டா என்று பிரி என்றார் வில்லன். அலிபேரின் மாணவர் லொரான் பியெத் அந்த வழியை லண்டனில் கற்றுவந்து, குருவின் மருத்துவமனையிலேயே பரப்பினார்.

தெவெர்ழி இந்த மரபுக்குள் 1840இல் வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே அவருக்குப் பெயர் இருந்தது, ஆனால் வேறு துறையில். பாரிஸின் சவக்கிடங்கில் பிணங்களை ஆராய்ந்து, சட்ட மருத்துவத்துக்குப் பாடநூல் எழுதியவர் அவர். எது சாவுக்குக் காரணம் என்று சடலத்தின் மேல்தோலில் தேடிப் பழகிய கண் அவருடையது. சேன் லூயியில் தாம் பார்த்த தோல் நோய்களை ஓவியர்களைக் கொண்டு நீர்வண்ணத்தில் வரையச் செய்து சேர்த்துவைத்தார். 1860களின் நடுவில் பணி ஓய்வு பெற்றபோது அந்த ஓவியங்களை மருத்துவமனைக்கே கொடுத்தார். அவற்றை அங்கே சுவரில் மாட்டிவைத்ததிலிருந்துதான் சேன் லூயியின் அருங்காட்சியகம் தொடங்கியது.

அவருக்கு முன்பே இந்த நோயைப் பார்த்தவர் உண்டு. பியேர் ராயே 1835இல் வெளியிட்ட தோல் நோய் நூலில், க்ளோதியுஸ் தாரால் என்ற மருத்துவர் கண்ட ஒரு நோயாளியின் விவரம் இருக்கிறது. வாசிப்பவர்களுக்கு இன்று அது பி.ஆர்.பி. என்று புரிகிறது. ராயே அதை சொரியாசிஸின் ஒரு வகையாகவே வைத்துவிட்டார். தனியாக நின்ற ஒற்றை நோயாளி, ஏற்கெனவே தெரிந்த நோயின் நிழலில் மறைந்துபோனார்.

தெவெர்ழி சேர்த்துவைத்தது போன்ற ஓவியத்துக்கு ஒரு குறை உண்டு. தோலின் மேடுபள்ளம் அதில் வராது. பி.ஆர்.பி. போன்ற நோயில் அந்த மேடுபள்ளம்தான் முக்கிய அடையாளம். 1868இல் ஆர்தி, மோன்மெழா என்ற இருவர் சேன் லூயி நோயாளிகளின் புகைப்படங்களை நூலாக வெளியிட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் வண்ணம் பூச வேண்டியிருந்தது. நிறம், மேடு, செதிலின் மினுமினுப்பு மூன்றும் ஒருசேர வேண்டுமென்றால் வேறு கைவேலை தேவைப்பட்டது.

அந்தக் கைவேலைக்காரர் ஒரு கடையில் கிடைத்தார். பாரிஸின் ழுஃப்ருவா மூடுகடைத் தெருவில் ஜூல் பாரெத்தா காகிதக் கூழில் பழங்கள் செய்து விற்றுவந்தார். உண்மைப் பழம் என்று ஏமாறும் அளவுக்கு அவை இருந்தன. சேன் லூயி மருத்துவர் ஷார்ல் லாய்யே அவற்றைப் பார்த்துவிட்டு, தோலையும் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டு அவரை அழைத்துவந்தார். பாரெத்தாவின் முதல் மெழுகு வார்ப்பு 1867இல் அருங்காட்சியகத்தில் ஏறியது. அடுத்த நாற்பதாண்டுக்கும் மேலாக அவர் அந்த மருத்துவமனையை விட்டுப் போகவில்லை.

வேலை இப்படி நடக்கும். நோயாளியின் கையிலோ முதுகிலோ முகத்திலோ பாரிஸ் சாந்தைக் குழைத்துப் பூசி அச்சு எடுப்பார்கள். சாந்து இறுகும்போது சூடாகும். அதுவரை ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அந்த அச்சில் மெழுகு கலவையை ஊற்றி எடுத்து, நோயாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் தோலைப் பார்த்துப் பார்த்து நிறம் ஏற்றுவார் பாரெத்தா. தேவையான இடத்தில் முடியும் நடுவார். பிறகு கறுப்புப் பலகையில் பொருத்தி, ஓரத்தை வெள்ளைத் துணியால் சுற்றி, நோயின் பெயரும் மருத்துவரின் பெயரும் எழுதிய சீட்டை ஒட்டுவார். கலவையின் பக்குவத்தை அவர் யாருக்கும் சொல்லவில்லை. 1923இல் இறந்தபோது அந்த ரகசியமும் அவரோடு போனது. அவருக்குப் பின் வந்தவர்களும் வார்த்தார்கள். கடைசி வார்ப்பு 1950களின் இறுதியில் செய்யப்பட்டது. இன்று அங்கே ஏறக்குறைய 4,800 வார்ப்புகள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய தொகுப்பு உலகில் வேறெங்கும் கிடையாது.

அந்தக் கைகளையும் கால்களையும் பார்க்கிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவரின் பெயர் இருக்கும் இடத்தில் நோயாளியின் பெயர் இல்லை. எரியும் தோலின் மேல் சூடான சாந்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஏழைகள்தான் இந்த அறிவுக்கு முதல் கொடையாளிகள். பின்னால் வந்த எத்தனையோ ஆயிரம் மாணவர்கள் அவர்கள் உடம்பைப் பார்த்தே நோயறியக் கற்றார்கள். அந்தக் கடனை அருங்காட்சியகத்தின் எந்தச் சீட்டும் சொல்லவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

1889 ஆகஸ்டில் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் உலகத் தோல் மருத்துவர்களின் முதல் மாநாடு சேன் லூயியில், புதிதாகக் கட்டி முடித்த அருங்காட்சியக மண்டபத்திலேயே கூடியது. சுற்றிலும் கண்ணாடிப் பேழைகளில் மெழுகு வார்ப்புகள்.  மாநாட்டில் அலசப்பட்டவற்றில் முக்கியமானது, லைக்கன் என்ற பெயரில் எந்தெந்த நோய்களைச் சேர்ப்பது என்ற கேள்வி. வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா உயிருக்கே ஆபத்தான ஒரு சிவப்புத் தோல் நோயை அந்தப் பெயரில் விவரித்திருந்தார். அவருடைய மருமகன் மோரிட்ஸ் கபோசி அதில் கூர்முனை மேடுகள் கொண்ட வகை ஒன்றைப் பிரித்தார். பாரிஸ்காரர்கள் தெவெர்ழியின் நோய் என்று எதைச் சொன்னார்களோ, வியன்னாக்காரர்கள் அதையே வேறு பெயரில் வேறு குடும்பத்தில் வைத்திருந்தார்கள். எழுத்தில் மட்டும் படித்துக்கொண்டிருந்தால் இந்தக் குழப்பம் இன்னும் நீண்டிருக்கும். நோயாளியும் மெழுகும் முன்னால் இருந்தால் கை நீட்டிக் காட்டிப் பேசலாம்.

எர்னஸ்ட் பெஸ்னியே அதே 1889இல் இந்த நோயைப் பற்றி விரிவாக எழுதி, இன்றுள்ள பெயரை நிலைநிறுத்தினார். உயிருள்ளவர் உடம்பிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பதற்கு பயாப்ஸி என்ற சொல்லை 1879இல் தந்தவரும் அவர்தான். பி.ஆர்.பி.யைச் சொரியாசிஸிலிருந்து பிரித்தறிய இன்றும் அந்தச் சோதனைதான் கைகொடுக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், தோலின் மேலடுக்கில் முதிர்ந்த செல்களும் முதிராத செல்களும் சதுரங்கப் பலகைக் கட்டம் மாதிரி மாறி மாறித் தெரியும். எப்போதும் தெரியும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை எடுத்தது தெளிவில்லை என்றால் வேறிடத்தில் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோல் நோய் என்றால் கந்தகக் குளியல், தார், பன்றிக்கொழுப்புக் களிம்பு, கடைசியாக ஆர்செனிக். 1786இலிருந்தே புழக்கத்தில் இருந்த ஃபௌலர் கரைசல் என்ற ஆர்செனிக் மருந்தைச் சொட்டுச் சொட்டாக மாதக்கணக்கில் குடிக்கக் கொடுத்தார்கள். நீண்ட நாள் குடித்தவர்களுக்கு உள்ளங்கையும் பாதமும் தடித்துக் காய்த்துப்போயின. பின்னர் சிலருக்கு அதே இடத்தில் புற்றுநோயும் வந்தது. உள்ளங்கை தடிப்பதையே அடையாளமாகக் கொண்ட நோய்க்கு, உள்ளங்கையைத் தடிக்கச் செய்யும் மருந்து கொடுக்கப்பட்டது. எது நோய், எது மருந்தின் கேடு என்று நோயாளியால் எப்படிப் பிரித்தறிந்திருக்க முடியும்?

சிகிச்சையில் முதல் உருப்படியான குறிப்பு ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தது. கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ், ஊட்டமில்லாத உணவு உண்டவர்களின் கைகால்களில் மயிர்க்கால்தோறும் முள்முள்ளாகத் தடிக்கும் நிலையை 1933இல் விவரித்து, தேரைத்தோல் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். மீன் எண்ணெய் கொடுத்தபோது தோல் தேறியது. வைட்டமின் ஏ குறைவே காரணம் என்று அன்று கருதினார்கள். குன்னூரிலும் ஹைதராபாத்திலும் பிற்பாடு நடந்த ஆய்வுகள், அந்த ஒரு வைட்டமின் மட்டும் காரணமல்ல, கொழுப்பு அமிலங்களும் பி வைட்டமின்களும் குறைவதாலும் அது வருகிறது என்று காட்டின. ஆனால் அதற்குள் மயிர்க்கால் தடிப்புக்கும் வைட்டமின் ஏவுக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் உலகெங்கும் பரவிவிட்டது. 1940களில் அமெரிக்க மருத்துவர்கள் பி.ஆர்.பி. நோயாளிகளுக்கும் வைட்டமின் ஏவைப் பெருமளவில் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குக் கேட்டது. அவ்வளவு அதிகமாகக் கொடுத்ததால் தலைவலி, முடி உதிர்வு, ஈரல் பாதிப்பு வந்தன.

பயனை வைத்துக்கொண்டு கேட்டைக் குறைக்க முடியுமா என்று தேடியதில் பிறந்தவை ரெட்டினாய்டு மருந்துகள். வைட்டமின் ஏயின் மூலக்கூறை மாற்றியமைத்துச் செய்தவை இவை. வாய்வழி ரெட்டினாய்டு பி.ஆர்.பி.க்கு உதவுகிறது என்று 1976இல் கேரி பெக், ஃபிராங்க் யோடர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். இன்றும் பெரும்பாலான நோயாளிகளுக்கு அசிட்ரெட்டின், ஐசோட்ரெட்டினாயின் என்று அந்தக் குடும்பத்து மருந்தில்தான் சிகிச்சை தொடங்குகிறது. இவை கருவைக் கடுமையாகச் சிதைக்கும். அசிட்ரெட்டினை நிறுத்திய பிறகும் மூன்றாண்டு கருத்தரிக்கக் கூடாது. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அதைத் தருவதற்கு முன் மருத்துவர் இதை உட்காரவைத்துப் பேசியே ஆக வேண்டும்.

இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டின் வேர் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் வரை போகிறது. பீமாவரத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தை முடக்கும் சேர்மங்களை உருவாக்கும் குழுவை நடத்தினார். ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட அமினோப்டெரின் அங்கிருந்து வந்தது. அந்த மருந்தை மூட்டுவாத நோயாளிகளுக்குக் கொடுத்த மருத்துவர்கள், அவர்களில் சிலருக்கு இருந்த சொரியாசிஸ் மறைவதைக் கண்டு 1951இல் எழுதினார்கள். அதன் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட் சொரியாசிஸ் வழியாகப் பி.ஆர்.பி.க்கும் வந்தது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் விழுங்க வேண்டிய மாத்திரை அது. தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. மருந்துச்சீட்டில் எந்தக் கிழமை என்று எழுதச்சொல்லி வாங்குவது நோயாளியின் உரிமை.

1980இல் லண்டன் மருத்துவர் கிரிஃபித்ஸ் இந்த நோயாளிகளை வயதையும் போக்கையும் வைத்து ஐந்து வகையாகப் பிரித்தார். எச்.ஐ.வி.யோடு வரும் ஆறாவது வகை பிறகு சேர்ந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் முதல் வகையினர்: பெரியவர்களுக்குத் திடீரென்று வந்து, தலையிலிருந்து கால்வரை இறங்குவது. அவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு மூன்றாண்டுக்குள் நோய் தானாக அடங்குகிறது என்று கிரிஃபித்ஸ் கண்டார். உடம்பு முழுதும் சிவந்து உரிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு இந்தத் தகவலை முதல் நாளே சொல்லிவிடுவது பாதி மருந்து. சிறுவயதிலேயே தொடங்கும் வகைகளில் ஒன்று மட்டும் ஆயுள் முழுதும் இருக்கக்கூடியது, சில குடும்பங்களில் வழிவழியாக வருவது.

அந்தக் குடும்பங்களில்தான் அடுத்த திறப்பு கிடைத்தது. தோல் செல்களில் அழற்சியைத் தூண்டிவிடும் கார்ட் 14 என்ற மரபணுவில் உள்ள மாற்றமே குடும்ப வழி பி.ஆர்.பி.க்குக் காரணம் என்று 2012இல் இஸ்ரேல் ஆய்வாளர்களை உள்ளிட்ட குழு ஒன்று கண்டது. சில சொரியாசிஸ் குடும்பங்களிலும் அதே ஆண்டு அதே மரபணுவில் மாற்றம் கண்டறியப்பட்டிருந்தது. ராயே 1835இல் இரண்டையும் ஒன்றாக எண்ணியது பிழைதான், ஆனாலும் இரண்டுக்கும் நடுவே உறவு இருக்கிறது. சொரியாசிஸுக்கென்று உருவாக்கிய ஊசி மருந்துகளை, இன்டர்லூக்கின் 17, 23 என்ற அழற்சித் தூதுகளைத் தடுப்பவற்றை, பி.ஆர்.பி.க்கும் போட்டுப் பார்க்கும் துணிவு அதனால் வந்தது. அமெரிக்காவில் இக்செகிசுமாப் மருந்தை வைத்து நடந்து 2020இல் வெளியான ஆய்வில் இருந்தவர்கள் 12 பேர். அவர்களில் பலர் தேறினார்கள். நோய் இவ்வளவு அரிதென்றால் ஆய்வும் இவ்வளவு சிறிதாகத்தான் இருக்கும். இந்த மருந்துகளின் உறையில் பி.ஆர்.பி.யின் பெயர் இல்லை. காப்பீட்டு நிறுவனத்திடம் மருத்துவர் கடிதம் எழுதிப் போராட வேண்டியிருக்கிறது.

சேன் லூயியின் மெழுகு காட்டாத பகுதியும் ஒன்று உண்டு, நோயோடு நாளைக் கடத்துவது. தோல் முழுதும் சிவந்தவர் வெப்பத்தையும் நீரையும் தோல்வழி இழந்துகொண்டே இருப்பார். வெயில் காலத்திலும் போர்த்திக்கொண்டு நடுங்குவார். நிறையத் தண்ணீர் வேண்டும், புரதம் மிகுந்த உணவு வேண்டும். வயதானவர்களுக்கு இதயம் களைத்துப்போகும் என்பதால் சில சமயம் மருத்துவமனையில் சேர்க்க நேரும். குளித்த ஈரத்தோடு மணமற்ற களிம்பை உடம்பெல்லாம் பூச வேண்டும். பாதம் வெடிக்கும் இடங்களில் யூரியா கலந்த களிம்பு, மேலே பருத்திக் காலுறை. கண்ணிமை வெளிப்புறம் இழுபட்டு மூட முடியாமல் போனால் கண் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். சொரியாசிஸுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெயிலில் காய்வதோ ஒளி சிகிச்சை எடுப்பதோ கூடாது, பி.ஆர்.பி. சிலருக்கு வெளிச்சத்தில் கிளறிக்கொள்ளும். படுக்கையில் செதில் உதிர்வதற்கும் சட்டை கறைபடுவதற்கும் பயந்து உறவினர் வீட்டுக்கே போகாமல் இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கம் கெட்டவர்களுக்கும் மனம் சோர்ந்தவர்களுக்கும் அதற்குரிய சிகிச்சையைத் தோல் மருத்துவரிடமே கேட்டுப் பெறலாம்.

மீளும்போது பெரும்பாலும் வந்த வழியிலேயே நோய் இறங்கும். முதலில் முகமும் தலையும் தெளியும், பிறகு உடம்பு. கடைசியாக, பல மாதம் கழித்து, உள்ளங்கையும் பாதமும் மெலியும்.